வளர்கிற பிள்ளைக்கு இரண்டு விரல்

பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் கட்டிங் மாஸ்டராக இருப்பவருக்குப் பொறாமை வர நியாயமே இல்லை. அவர் வெட்டுவதெல்லாம் ஒரே நீலம், ஒரே வெள்ளை. பங்களாவிலிருந்து வரும் பிள்ளைக்கும் பங்களா வாட்ச்மேனின் பிள்ளைக்கும் ஒரே கால்சட்டை, ஒரே பாக்கெட். ஏற்றத்தாழ்வை ஒழிப்பதாக மேடை போட்டுப் பேசுகிறவர்கள் பலர் உண்டு. அதைச் சத்தமில்லாமல் கத்தரிக்கோலால் நடத்திக்கொண்டிருந்தவர் நம் மாஸ்டர் ஒருவர்தான். அப்படிப்பட்ட சமத்துவவாதியின் வயிற்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தீப்பிடித்தது. பற்ற வைத்தவர் அவருடைய சகலை.

சகலை, மாஸ்டரின் மனைவியுடைய அக்காள் கணவர். குளியலறைச் சாமான்கள் விற்கும் பெரிய ஷோரூமில் விற்பனையாளர். அந்தத் தொழிலின் நுட்பத்தை இங்கே சொல்லிவிடுவது நல்லது. ஷோரூமில் சுவர் நிறையக் குழாய்களும் ஷவர்களும் பளபளத்துக்கொண்டிருக்கும். ஒன்றிலும் தண்ணீர் வராது, குழாய்க்குப் பின்னால் வெறும் பலகைதான். சகலை அந்தக் காய்ந்த ஷவரை ஒரு விரலால் திருகி, கண்ணை லேசாக மூடி, "இப்ப விழும் பாருங்க, பூ உதிர்ற மாதிரி" என்பார். வாடிக்கையாளர் தன்னையறியாமல் ஓரடி பின்னால் நகர்ந்து, நனையாத சட்டையைத் துடைத்துக்கொண்டே பில் போடச் சொல்வார். வராத தண்ணீரில் இத்தனை பேரைக் குளிப்பாட்டியவர் ஊரில் வேறு யாரும் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தன் மகனுடன் வந்திருந்தார். பையனுக்கு வீட்டில் 'புயல்' என்று பெயர். வந்த வேகத்தில் மாஸ்டர் வீட்டு மேசை விளக்கு கீழே விழுந்ததிலிருந்து காரணம் விளங்கும். முந்தின நாள் குடும்பத்தோடு கேளிக்கைப் பூங்கா போய் வந்திருந்தார்கள். அங்கே ஒரு டிராகன் ரயில். பச்சை உடம்பு, சிவந்த நாக்கு. தண்டவாளத்தில் மலை மாதிரி ஏறி, அருவி மாதிரி விழும். சகலை வர்ணிக்க ஆரம்பித்தார். ஏற்றத்தில் முதுகு எப்படிச் சாய்கிறது, உச்சியில் ஊர் எப்படித் தீப்பெட்டிகளாகச் சுருங்குகிறது, இறக்கத்தில் வயிறு எப்படி உடம்பை விட்டுப் பின்தங்கி வருகிறது என்று அவர் சொல்லச் சொல்ல, மாஸ்டரின் மகள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போய்ப் பெரியப்பாவின் மடியில் ஏறிக்கொண்டாள்.

அவளுக்கு ஐந்து வயது நிறையவில்லை. ஆள் சின்னது என்பதால் பெயர் பொடிசு. அதுவரை அந்த வீட்டில் மடி என்றால் அது அப்பா மடி.

மறுநாள் முதல் பொடிசு ஊருக்கெல்லாம் செய்தி வாசித்தாள். எங்க பெரியப்பா டிராகன்ல போனாங்க. இரண்டு நாளில் அது, எங்க பெரியப்பா டிராகன ஓட்டுனாங்க என்று ஆனது. வார இறுதிக்குள் பெரியப்பா டிராகனுக்குச் சோறு ஊட்டி, அதட்டி, தூங்கவும் வைத்துவிட்டார். 'எங்க பெரியப்பா' என்று சொல்லும்போது பொடிசின் தாடை அரை அங்குலம் மேலே போவதை மாஸ்டர் கவனித்தார். அளவு பார்க்கிற கண்ணுக்கு அதெல்லாம் தப்பாது.

தாங்கமாட்டாமல் ஒரு மாலை அவள் வரைந்துகொண்டிருந்த படத்தை எட்டிப் பார்த்தார். பச்சையாக ஒரு நீளம். அதன்மேல் மீசையோடு ஓர் ஆள்.

"இது யாரு?"

"பெரியப்பா."

"அப்பா எங்க?"

பொடிசு பென்சிலை வாயில் வைத்து யோசித்தாள். "அப்பா கடையில இருக்காங்க."

படத்தில் கடைக்கும் இடம் இருக்கவில்லை.

மறுநாள் மாஸ்டர் வெட்டிய கால்சட்டைகளில் ஒன்றுக்கு இரண்டு காலும் இடது காலாக அமைந்தது. கடையில் பட்டன் தைக்கும் அக்கா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், இந்தப் பையன் வீட்டுக்குப் போகாம வட்டம் அடிச்சுக்கிட்டே இருப்பான்" என்றாள். மாஸ்டர் அதை வாங்கி ஓரமாகப் போட்டார். அவர் மனத்துக்குள் ஒரு தீர்மானம் இறங்கிக்கொண்டிருந்தது. பொடிசு அந்த டிராகனில் ஏற வேண்டும். அவள் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இறங்கி வந்ததும் அவள் தாடை அரை அங்குலம் மேலே போய், 'எங்க அப்பா' என்று ஒரு வாக்கியம் தொடங்க வேண்டும். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. அரை அங்குலம்தான்.

மனைவியிடம் சொன்னபோது, பூங்காவின் அழகையும் குழந்தைகளின் மனவளர்ச்சியையும் பற்றி மட்டும் பேசினார். சகலையின் பேச்சே எடுக்கவில்லை. மனைவி உடனே திட்டம் போட்டுவிட்டாள். ஒரே பகல் பயணம். விடிந்ததும் கிளம்பி, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். மதியம் தூங்காவிட்டால் பொடிசு மனுஷியாக இருக்க மாட்டாள், அதனால் நடுவில் நிழல் பார்த்துத் தூங்க வைக்க வேண்டும். மாற்றுத் துணி, தொப்பி, தண்ணீர் பாட்டில். கூட்டம் சேருமுன் முதல் வேலையாக டிராகன், மற்றதெல்லாம் பிறகு. எல்லாம் முடித்தபின் அவள் கைப்பேசியைப் பார்த்து ஒரு சந்தேகம் கேட்டாள். டிராகனில் ஏறக் குழந்தை குறிப்பிட்ட உயரம் இருக்க வேண்டுமாம். பொடிசு இருப்பாளா?

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. ஊரில் பாதிப் பிள்ளைகளை அளந்தவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? கழுத்தில் கிடந்த டேப்பை உருவினார். பொடிசைச் சமையலறை நிலைப்படியில் நிமிர்த்தி நிறுத்தினார். குதிகாலிலிருந்து உச்சிவரை டேப் ஓடியது. கண் பார்த்தது, வாய் சொன்னது.

"தாராளமா இருக்கு."

"நிஜமாவா? போன மாசம் டாக்டர் பாத்தப்ப கம்மியா இருந்த மாதிரி ஞாபகம்."

"அவரு ஊசி போடுறவரு. அவருக்கு அளவு எடுக்கத் தெரியுமா?"

இந்த இடத்தில் மாஸ்டரின் தொழில் தர்மத்தைச் சொல்லியாக வேண்டும். சீருடை தைக்க வரும் எந்தத் தாயும் பிள்ளையின் அளவுக்குத் தைக்கச் சொன்னதில்லை. "வளர்ற பிள்ளை மாஸ்டர், கொஞ்சம் கூட வெச்சுத் தைங்க" என்பதுதான் உலகப் பொது வேண்டுகோள். அதைக் கேட்டுக் கேட்டு, கேட்காமலே செய்யும் நிலைக்கு அவர் உயர்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. டேப்பில் ஓர் அளவு இருக்கும். மாஸ்டரின் வாயில் அது இரண்டு விரல் வளர்ந்து வெளியே வரும். பொடிசுக்கும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தை அடுத்த ஆண்டின் உடையில்தான் இந்த ஆண்டைக் கழித்துவந்தது.

திட்டத்தில் முதல் இடி மனைவியின் வாயிலிருந்தே விழுந்தது. அக்காவையும் மாமாவையும் புயலையும் கூப்பிட்டிருக்கிறாளாம்.

"எதுக்கு?"

"அவங்களுக்கு வழி தெரியும்ல."

"வழி பஸ்காரனுக்குத் தெரியும்."

"உங்களுக்கு என்னங்க வந்துச்சு? பொடிசு கேட்டா, கூப்பிட்டேன். பெரியப்பா வந்தாத்தான் டிராகன் சொன்ன பேச்சு கேக்குமாம்."

மாஸ்டர் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். அணையவில்லை. இன்னொரு டம்ளர் குடித்தார்.

அதற்கப்புறம் சகலையின் போன் ஓயவில்லை. தொப்பி எப்படிப் போடுவது, எந்த வாசலில் நுழைவது, டிராகனில் எங்கே உட்காருவது என்று ஆலோசனை கொட்டியது. முன்வரிசை வேண்டாம் தம்பி, காற்று முகத்தில் அறையும், பின்வரிசை வேண்டவே வேண்டாம், வால் சொடுக்கும், நடுவில்தான் சொர்க்கம். மாஸ்டர் பணிவாக, "சரிண்ணே, சரிண்ணே" என்றார். போனை வைத்ததும் முன்வரிசை என்று முடிவு செய்தார்.

தன் பங்குக்குக் கடையில் மிச்சம் விழுந்த துணிகளைப் பொறுக்கி மகளுக்கு ஒரு கவுன் தைத்தார். புயலிடம் டிராகன் படம் போட்ட பனியன் இருப்பதாகச் செய்தி வந்திருந்ததே காரணம். கவுனின் மார்பில் சீருடை நீலத்திலேயே ஒரு டிராகன்; கண்ணுக்குச் சட்டைப் பட்டன், நாக்குக்கு விளையாட்டு அணியின் சிவப்புப் பட்டி. பட்டன் அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"பல்லி நல்லா வந்திருக்கு மாஸ்டர்."

"டிராகன்."

"ஓகோ. ஸ்கூல்ல படிக்கிற டிராகன்."

பயணத்தன்று பொடிசு அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டாள். தோள் முழங்கையை நோக்கி இறங்கியிருந்தது. பல்லி, மன்னிக்கவும், டிராகன், வயிற்றருகே தொங்கிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் மாஸ்டர் ஜன்னலோர இருக்கையை மகளுக்காகத் துண்டு போட்டுப் பிடித்தார். அவள் இரண்டு வரிசை முன்னால் பெரியப்பா மடியில் உட்கார்ந்துகொண்டாள். வழி நெடுக மாஸ்டர் தன் துண்டுக்கு இயற்கைக் காட்சிகளைக் காட்டிக்கொண்டு வந்தார்.

பூங்காவுக்குள் நுழைந்ததும் எல்லோரும் நேராக டிராகன் ரயிலுக்கு நடந்தார்கள். மனைவியின் அக்கா மட்டும் நிழல் பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். "நான் ஏற மாட்டேன்ப்பா. போன தடவை பட்டதே போதும்" என்று காலைத் தடவிக்கொண்டாள். மனைவியும் பைகளோடு துணைக்கு அமர்ந்தாள். அக்கா சொன்னதில் ஒரு சேதி இருந்தது. மாஸ்டர் காதில் அது விழவில்லை. அவர் காது முழுக்க டிராகனின் இரைச்சல்.

வரிசையின் முனையில் ஒரு மரக் கரடி நின்றது. ஒரு கையை நீட்டிக்கொண்டிருந்தது. கரடியின் கை தலையில் இடிக்கிற பிள்ளைக்கு அனுமதி. இடிக்காத பிள்ளைக்குக் கரடியின் சிரிப்பு மட்டும். பக்கத்தில் சீட்டை வாங்கிக் கிழிக்கும் பெண். புயல் போய் நின்றான், இடித்தது. பொடிசு போய் நின்றாள். மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார்.

இடிக்கவில்லை.

"நிமிந்து நில்லும்மா" என்றார் மாஸ்டர். பொடிசு கழுத்து நரம்பு தெரிய நிமிர்ந்தாள். சீட்டுப் பெண் கரடியின் கைக்கும் பொடிசின் தலைக்கும் நடுவே தன் விரல்களை நுழைத்துப் பார்த்தாள். சரியாக இரண்டு விரல் நுழைந்தது.

அந்த இரண்டு விரலை மாஸ்டர் பார்த்தார். தன் கையாலேயே வளர்த்த விரல்கள். எங்கே கண்டாலும் அடையாளம் தெரியாமல் போகுமா? சமையலறை நிலைப்படி, டேப், தன் வாய் மூன்றும் கண்முன் வந்து நின்றன. ஆனாலும் வாய் விட்டுக்கொடுக்கவில்லை.

"வளர்ற பிள்ளைம்மா."

"வளரட்டும் சார். கரடி இங்கேயேதான் நிக்கும்."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. பொடிசின் கீழுதடு மெல்ல வெளியே வர ஆரம்பித்தது. அப்போதுதான் சகலை களத்தில் இறங்கினார். வழக்கத்துக்கு மாறாகப் பேச்சில் ஓர் அவசரம் இருந்தது.

"தம்பி, புயலுக்குத் துணைக்குப் பெரியவங்க ஒருத்தர் வேணும். நீங்க அவனோட ஏறிடுங்க. நான் பொடிசக் கூட்டிட்டுப் போயி வாத்துப் படகுல சுத்திட்டு வரேன். பாவம், குழந்தை முகம் வாடிப் போச்சு பாருங்க."

மாஸ்டர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் புயல் அவர் கையைப் பிடித்துத் தடுப்புக்குள் இழுத்துவிட்டான். சீட்டுப் பெண் சங்கிலியை மாட்டிவிட்டாள். பொடிசு பெரியப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் டிராகன் ஆட, திரும்பிக்கூடப் பார்க்காமல் வாத்துக் குளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். எந்தச் சகலையிடமிருந்து மகளை மீட்க இந்தப் பயணமோ, அந்தச் சகலையிடமே மகளைச் சீட்டு வாங்கிக் கொடுத்து ஒப்படைத்தாயிற்று.

முன்வரிசை. இடுப்பில் கம்பி இறங்கியது. டிராகன் கடகடவென்று ஏறத் தொடங்கியது. புயல் நிம்மதியாகக் காலாட்டிக்கொண்டே, பக்கத்து வீட்டுச் செய்தி சொல்வதுபோல் சொன்னான்.

"போன தடவை அம்மாதான் ஏறுனாங்க. அப்பா கீழ பையப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க."

மாஸ்டருக்கு ஒரு கணம் டிராகனே நின்றுவிட்டது போலிருந்தது.

"அப்பா ஏறவே இல்லையா?"

"அப்பாவுக்கு ஸ்டூல் மேல ஏறினாலே தலை சுத்தும். நாங்க இறங்கி வந்ததும் அம்மா எல்லாம் சொன்னாங்க, அப்பா கேட்டுக்கிட்டாங்க."

ஆக, இங்கேயும் குழாய்க்குப் பின்னால் வெறும் பலகை. இத்தனை நாள் வயிறு எரிந்தது ஒரு சொட்டுக்கூட வராத ஷவரைப் பார்த்தா? மாஸ்டர் சிரிக்கத்தான் நினைத்தார். ஆனால் அதற்குள் டிராகன் உச்சிக்கு வந்திருந்தது. சகலை சொன்னபடியே ஊர் தீப்பெட்டிகளாகச் சுருங்கியிருந்தது. அக்காவின் வர்ணனையில் குறை சொல்ல முடியாது. இடது பக்கம், கீழே, ஒரு நீல வட்டம். அதில் மஞ்சளாய் வாத்துகள். ஒரு வாத்தில் ஒரு மீசை, மீசைக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கவுன். கவுன் கைதட்டிக்கொண்டிருந்தது.

டிராகன் விழுந்தது. மாஸ்டர் கத்தினார். அந்த ரயிலில் எல்லோரும்தான் கத்தினார்கள், பயத்தில். மாஸ்டர் ஒருவர்தான் வாத்தைப் பார்த்துக் கத்தினார். மகளின் பெயரைச் சொல்லி, முழு மூச்சில், இறக்கம் முடிந்து அடுத்த ஏற்றத்திலும், வளைவிலும், மறு இறக்கத்திலும், நீல வட்டம் கண்ணில் பட்டபோதெல்லாம் கத்தினார். புயல் வாயைப் பிளந்து அவரையே பார்த்துக்கொண்டு வந்தான். டிராகன் அவனுக்கு மறந்தே போயிற்று.

இறங்கியதும் அவன் சிட்டாய்ப் பறந்து தன் அப்பாவிடம் போய் நின்றான்.

"அப்பா, சித்தப்பா கண்ணையே மூடல. முன்னாடி உக்காந்தாரு. கம்பியக்கூடப் புடிக்கல. சித்தப்பா போட்ட சத்தத்துல டிராகனே பயந்துருச்சு. இனிமே நான் சித்தப்பாகூடத்தான் வருவேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி ஓடிவந்து மாஸ்டரின் கையைக் கட்டிக்கொண்டான்.

சகலை வாயைத் திறந்தார். காய்ந்த ஷவரில் அருவியை வரவழைத்த வாய், ஒன்றும் வராமல் மூடிக்கொண்டது. மாஸ்டர் அந்த முகத்தைக் கூர்ந்து பார்த்தார். கன்னத்தில் ஒட்டவைத்த சிரிப்பு, பையனின் பிடியைவிட்டு நகராத கண். எங்கோ பார்த்த தையல். பிறகு தெரிந்தது: அது அவருடைய சொந்த அளவு. இரண்டு வாரமாக அவர் போட்டுக்கொண்டு திரிந்தது. சகலைக்கு அது கச்சிதமாகப் பொருந்தியிருந்தது, எங்கேயும் இரண்டு விரல் தொளதொளப்பு இல்லை.

பொடிசு அண்ணாந்து கேட்டாள். "அப்பா, மேல பயமா இருந்துச்சா?"

மாஸ்டர் நிதானமாகச் சகலையைப் பார்த்தார். "பெரியப்பாவக் கேளும்மா. அவருக்குத்தான நல்லா தெரியும்."

சகலையின் மீசை வெளுத்தாற்போல் ஆயிற்று. "அது வந்து... அன்னிக்கு நல்ல காத்து" என்றார்.

"ஆமாமா. காத்துதான்" என்றார் மாஸ்டர். அத்தோடு விட்டுவிட்டார். பெருந்தன்மை என்று யாரும் அவசரப்பட்டு எழுதிவைக்க வேண்டாம். நல்ல கட்டிங் மாஸ்டர் கையில் உள்ள துணியை முழுக்க வெட்டித் தீர்ப்பதில்லை. கொஞ்சத்தை உள்ளே மடித்துத் தைத்துவிடுவார். தேவைப்படும்போது பிரித்து விட்டுக்கொள்ளலாம்.

வெளியே போகும் வழியில், டிராகன் விழும் கணத்தில் எடுத்த படங்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். எல்லாத் தலைகளும் நேரே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன. முன்வரிசையில் ஒரு தலை மட்டும் இடது பக்கம் ஒடிந்து, கீழே எதையோ பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. மனைவி அந்தப் படத்தைப் பார்த்தாள். தலை திரும்பிய திசையில் வாத்துக் குளம் இருப்பதையும் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "அன்னிக்கு நிலைப்படியில துணிக்கு எடுக்கிற மாதிரிதான எடுத்தீங்க?"

மாஸ்டர் படத்தின் சட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மறுநாள் மாலை கடையிலிருந்து வந்ததும் அவர் மகளை நிலைப்படியில் நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு, டேப்பில் உள்ளதை உள்ளபடி படித்தார். நிலைக்கால் மரத்தில் ஒரு பென்சில் கோடு போட்டார். அதற்கு மேலே, கரடியின் கைக்கு ஒரு கோடு. பொடிசு இரண்டையும் பார்த்துவிட்டுப் படம் வரையப் போய்விட்டாள். மாஸ்டர் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் வேறு வேலை செய்வதுபோல் சுற்றிவிட்டு, எட்டிப் பார்த்தார். மஞ்சளாக ஒரு வாத்து. அதில் மீசை, பக்கத்தில் ஒரு சின்ன உருவம். மூலையில் பச்சையாக ஒரு நீளம்.

தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்பா எங்க?"

"இதோ, டிராகன்ல. என் பேரச் சொல்லிக் கத்திக்கிட்டு இருக்கீங்க."

"அது உனக்குக் கேட்டுச்சா?"

"எல்லாருக்கும் கேட்டுச்சு. பக்கத்து வாத்துல இருந்த பாப்பா யாரு அதுன்னு கேட்டா." பொடிசின் தாடை அரை அங்குலம் மேலே போனது. "எங்க அப்பான்னு சொன்னேன்."

மாஸ்டர் படத்தை வாங்கி நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை பார்த்தார். வாத்து டிராகனைவிடப் பெரிதாகத்தான் இருந்தது. அதைக் கவனிக்காமல் விட அவரால் முடியுமா? இருந்தாலும் அதைப் பற்றி அப்போது பேசவில்லை.

போன் அடித்தது. சகலை. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. புயல் நேற்றிலிருந்து ஒரே பிடிவாதமாம். சித்தப்பா, சித்தப்பா என்று வேறு பேச்சே இல்லையாம். படம் வரைந்தானாம், டிராகன்மேல் சித்தப்பாவை உட்கார வைத்திருக்கிறானாம். அப்பா எங்கே என்று கேட்டால்...

மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார்.

"லைன் சரியாக் கேக்கலண்ணே," என்றார். "முதல்லேருந்து இன்னொரு தடவ சொல்லுங்க."